சரக்கொன்றை விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: கோயில் வாசலில் விழுந்து கிடந்த சரக்கொன்றைக் காயை உடைத்து, இருபது விதைகளைத் தொட்டியில் ஊன்றினேன். நாற்பது நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா? வீட்டு வாசலில் வைத்தால் எத்தனை வருடத்தில் பூக்கும்?
– வாசகி, தென்காசி

பதில்: தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். விதைகளைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். கூழாகிப் போனவற்றைத் தள்ளிவிடலாம். கல் மாதிரி இருப்பவை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீர் இன்னும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

சரக்கொன்றை விதையின் தோல் தண்ணீரை விடாது. காட்டில் கரடியும் நரியும் பழத்தின் இனிப்புச் சதைக்காகக் காயைத் தின்று, எச்சத்தோடு விதையைப் போடுகின்றன. வயிற்றுக்குள்ளும் பிறகு வெயில் மழையிலும் அந்தத் தோல் மெல்ல மெல்லத் தளர்கிறது. அந்த வேலையைத்தான் வீட்டில் நாம் செய்ய வேண்டும்.

விதையில் காம்போடு ஒட்டியிருந்த சிறு தழும்பு தெரியும். முளை அந்தப் பக்கம் இருப்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. எதிர் முனையை உப்புத்தாளில் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் துளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளினாலும் போதும். பிறகு ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் சில விதைகள் ஊறி நன்றாகப் பருத்திருக்கும், அவற்றை அன்றே ஊன்றுங்கள். பருக்காததை மறுபடி தேய்த்து ஊற வையுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி விதைமேல் ஊற்றி, ஆறும்வரை விடும் முறையும் உண்டு. ஆனால் அதில் சில விதை வெந்துபோகும், சிலது அசையாது. இருபது விதைக்கு உப்புத்தாளே மேல். ஆய்வுக்கூடங்களில் அடர் கந்தக அமிலத்தில் நனைப்பார்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, உயரமான நாற்றுப் பையில் நிரப்புங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், ஆழமில்லாத தொட்டியில் அது சுருண்டுகொள்ளும். விரல் கணு ஆழத்தில் ஊன்றினால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தலைகாட்டும். அதன் பிறகு தண்ணீரைக் குறையுங்கள். தண்டு அடியில் அழுகிச் சாய்கிற நாற்றெல்லாம் அன்பு மிகுந்து ஊற்றியதால் போனவையே.

முழங்கால் உயரம் வந்ததும், மழை தொடங்கும் சமயத்தில் இரண்டடிக் குழியில் நடுங்கள். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுங்கள். இலையைப் பச்சைப் புழு தின்றால் பதறி மருந்தடிக்காதீர்கள். வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இதில் முட்டையிடும், புழுக்கள் அவற்றின் பிள்ளைகள். மரம் மறுபடி தழைத்துவிடும்.

பூவுக்கு ஐந்தாறு வருடமாவது ஆகும், சில மரங்கள் இன்னும் தாமதிக்கும். கோடையில் இலை கொட்டும்போது காய்ந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். இலை உதிர்ந்த கிளையில்தான் சரம் சரமாகப் பூ இறங்கும்.

இன்னொன்று. அடுத்த முறை விதை எடுக்கும்போது மரத்தைச் சரிபாருங்கள். மஞ்சள் கொத்து கீழே தொங்கினால் சரக்கொன்றை. மேல்நோக்கி நின்றால் அது அயல்நாட்டிலிருந்து வந்த மஞ்சக்கொன்றையாக இருக்கலாம். முதுமலைக் காடுகளில் அது பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குவதால் வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதன் விதையைத் தொடாதீர்கள். சரக்கொன்றைக் காயின் கறுப்புச் சதை பேதியாக்கும், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.