லிவர்பூல் பருத்திச் சந்தையில் முன்பேர வணிகம் எப்படி வந்தது?

பருத்தியே விளையாத லிவர்பூலில் உலகப் பருத்தி விலை எப்படித் தீர்மானமானது என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்திலிருந்த லங்காஷயர் நூற்பாலைகள்தான் காரணம்; அவற்றுக்கான பஞ்சு இறங்கிய துறைமுகம் அது. 1841-இல் தரகர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆனாலும் வியாபாரம் நடந்தது நகர மண்டபத்துக்குப் பின்னால், திறந்த முற்றத்தில், மழையிலும் குளிரிலும் நின்றபடிதான்.

அப்புறம் 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்கின் கடற்படை, லிவர்பூலுக்குப் பஞ்சு அனுப்பிவந்த தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும் விலை எகிறியது. அதுவரை மட்டம் என்று ஒதுக்கிய சூரத் பஞ்சுக்கே கிராக்கி. கப்பல் வருவதற்கு முன்பே சரக்கு கைமாறியது. 1866-இல் அட்லாண்டிக் தந்தி வந்தது. விலைச் செய்தி கப்பலை முந்தியது. நடுக்கடலில் இருக்கும் மூட்டைக்கு இன்றே விலை பேசி முடித்து, நஷ்ட பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வரப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேர வணிகம் வேரூன்றியது இப்படித்தான். இந்த வரலாற்றிலேயே முக்கியமான கட்டம் இது என்பேன்.

ஓல்ட் ஹால் தெருவில் பிரம்மாண்டமான கட்டடம் 1906-இல் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொள்முதலை அரசே எடுத்துக்கொள்ள, சந்தை மூடியது. 1954-இல் மறுபடி திறந்தும் பழைய வேகம் இல்லை. லங்காஷயர் ஆலைகளே தேய்ந்துகொண்டிருந்தன. சங்கம் மட்டும் வேறு பெயரில் இன்றும் இருக்கிறது. சர்வதேசப் பருத்தி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அதன் விதிகளின்படியே எழுதப்படுகின்றன.