பாட்டியின் யானை

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் தகரப் பெட்டியில் இரண்டு வெள்ளிப் பத்து ரூபாய்க் காசுகள் கிடைத்தன. ஒன்றில் காந்தி படமும் 1869–1948 என்றும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் காசுதானே? கறுத்துக் கிடந்ததால் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்தேன், பளபளக்கிறது. 1972 என்று போட்ட இன்னொன்றை இனிமேல்தான் தேய்க்க வேண்டும். என்ன விலை போகும்? இப்படி நினைவு நாணயங்கள் சேர்ப்பது நல்ல முதலீடா?

– ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

போன வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நடுகல்லைப் பார்த்தேன். வீரனின் முகமெங்கும் நீல எனாமல் பெயிண்ட். அன்பால்தான் பூசியிருக்கிறார்கள். உளிபட்ட கண்ணும் மூக்கும் அடியில் மூழ்கிவிட்டன. அந்த வருத்தம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம்.

1948 அல்ல. அவை காந்தி பிறந்த, மறைந்த ஆண்டுகள். நூற்றாண்டுக்காக 1969இல் வெளியிட்டார்கள். 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. விடுதலையின் வெள்ளிவிழாவுக்கு வந்த 1972 காசு 22.5 கிராம் கனக்கும், ஆனால் வெள்ளி பாதிதான். முதலீட்டுக் கேள்வியை நகைக்கடையில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஆனால் புளியும் திருநீறும்! யார் சொல்லிக் கொடுத்தார்கள் உங்களுக்கு? அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, தம்பி. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளியின் மேற்பரப்பே மெல்லிய படலமாக மாறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் போவது காசின் தோல். சாம்பலின் நறநறப்பு மிச்சத்தையும் கீறிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: காந்தியின் கன்னத்தில் மயிரிழைக் கோடுகள் தெரியும். அவற்றை இனி யாராலும் அழிக்க முடியாது. சேகரிப்பவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டு, வெள்ளியின் எடைக்குத்தான் விலை சொல்வார். விலை போனால் போகட்டும். நான் பதறுவது அதற்காக அல்ல.

காவேரிப்பட்டணத்தில் என் பாட்டியின் சுருக்குப்பையில் 1916ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று இருந்தது. மன்னரின் அங்கிமேல் கிடக்கும் சங்கிலியில் அரிசிமணி அளவுக்கு ஒரு யானை. 1911இல் வந்த காசில் அந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, அரசு அதைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு தும்பிக்கையைத் திருத்தி அச்சடித்தது. பாட்டிக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. யானையைத் தெரியும். அதைக் காட்டித்தான் எனக்குச் சோறூட்டுவாள்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அந்தக் காசைத் துலக்குவது என் வேலை. செங்கல் பொடி போட்டு, தேங்காய் நாரால், வாராவாரம், ஆறு ஆண்டுகள். கண் மங்கிய பிறகு பாட்டி அதைக் கட்டைவிரலால் தடவித்தான் பார்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

“யானை எங்கேயடா?” என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த 1972 காசைத் தேய்க்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம். பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வையுங்கள். உங்கள் தாத்தா யார், செலவழித்திருக்கக்கூடிய பத்து ரூபாயை ஏன் பெட்டியில் பூட்டினார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு அதை எழுதுங்கள்.