தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகிறதே!

கேள்வி: ஹாலில் இருக்கும் மணி பிளான்ட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ரசாயன உரம் வேண்டாமென்று டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல் எல்லாம் தொட்டியில் போடுகிறேன். ஆனாலும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மண்மேல் குட்டிக் குட்டி ஈக்கள் வேறு. என்ன செய்வது?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தையும்தான். மஞ்சள் இலை, குட்டி ஈ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் தொட்டி மண் காயவே இல்லை என்று தெரிகிறது. வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, செடி வாடும். தாகம் போல என்று நினைத்து நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம். ஆசையாக வளர்க்கிறவர்கள் வீட்டில்தான் இது அதிகம் நடக்கிறது.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வழியும்வரை தாராளமாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். ஜன்னலோரச் செடிக்கு அடிக்கடி தேவைப்படும். வெளிச்சம் குறைந்த மூலையில் இருப்பதற்கு அவ்வளவு வேண்டாம். முடிந்தால் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

டீத்தூளும் தோலும் நல்ல பொருள்கள்தான். ஆனால் மட்காமல் தொட்டியில் போட்டால் அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஈயின் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. தனி டப்பாவில் காய்ந்த இலையோடு சேர்த்து மட்க வையுங்கள். கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வந்த பிறகு போடலாம். அதுவரை, செடி தேறித் துளிர்விட ஆரம்பித்ததும், மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தாலே ஈக்கள் குறைந்துவிடும்.

மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சி ஒளிவது அங்கேதான்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, கிள்ளிவிடுங்கள். அப்புறம், தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் அந்தச் செடி தேறாது. மேலே நன்றாக இருக்கும் கொடியில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு முழுகும்படி தண்ணீரில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விட்டுவிடும். புது மண்ணில் நடலாம்.