மும்பையில் முதல் படகாகப் பழைய கேபின் குரூஸர் (உள்ளே படுக்கை அறை உள்ள மோட்டார் படகு) வாங்கலாமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இதுதான்: 28 அடி நீளம், பதினைந்து வருடப் பழசு, இரண்டு பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவ் இன்ஜின், துபாயிலிருந்து வந்தது. சனி ஞாயிறு குடும்பத்தோடு துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வா, அலிபாக் போய்வர வேண்டும். இதற்கு முன் படகு ஓட்டியதில்லை. பழைய படகு வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் படகை விட்டுவிடுங்கள்.

கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டு இப்போது செம்பூரில் ஓய்வாக இருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது படகு பார்க்கக் கிளம்பினால் டார்ச்சும் சுத்தியலுமாக நானும் தொற்றிக்கொள்வேன். அவர்கள் சோபாவையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இன்ஜின் மூடியைத் தூக்கிக்கொண்டிருப்பேன்.

படகைப் பார்ப்பதற்கு முன்னால் அது எங்கே கிடக்கப் போகிறது என்பதைப் பாருங்கள். துபாயில் இந்தப் படகு மரீனாவில் மேடையை ஒட்டிக் கட்டி, கரண்ட் இணைப்போடு இருந்திருக்கும். இங்கே கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் அப்படி இல்லை. படகு தண்ணீரில் மிதவையில் கட்டிக் கிடக்கும், நீங்கள் டிங்கி என்ற குட்டிப் படகில் போய் ஏற வேண்டும். விற்பவருக்கு மூரிங் (படகு கட்டும் இடம்) இருக்கிறது என்பதால் படகோடு அது உங்களுக்கும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அடுத்தது மழைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் சாதாரண ஃபெர்ரிகளும் மழை முடியும்வரை ஓடாது. அந்த மாதங்களில் உங்கள் படகும் கரையேறித் தார்ப்பாய்க்குள் இருக்க வேண்டும். அதைத் தூக்கி வைக்க யார்ட், கிரேன், வாடகை மூன்றும் வேண்டும். இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு விலை பேசினால் போதும்.

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மும்பையின் ஏற்ற வற்றம் புதிதாக இருக்கும். சென்னையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் போகும். காலையில் மிதந்துகொண்டிருந்த இடம் மதியம் சேறாகக் கிடக்கும். துறைமுகத்துக்குள் நீரோட்டமும் இழுக்கும். கேபின் குரூஸர் உயரமான படகு, பக்கவாட்டில் காற்று பிடித்தால் மெதுவாகப் போகும்போது அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். புதிதாக ஓட்டுகிறவருக்கு, இடுக்கான ஜெட்டியில் ஓட்டமும் காற்றும் சேர்ந்தால் வியர்த்துவிடும்.

சரி, ஸ்டெர்ன்டிரைவ் ஏன் வேண்டாம் என்கிறேன்? இன்ஜின் படகுக்குள் இருக்கும், டிரைவ் மட்டும் பின்பக்கம் வெளியே தொங்கும். இரண்டையும் சேர்க்கும் இடத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, தண்ணீர் புகாமல் தடுக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, அதாவது பெல்லோஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கி ஓட்டிவிட்டு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் ஊரில் இது அருமையான ஏற்பாடு. இங்கே மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடக்கும். டிரைவை மேலே தூக்கி வைத்தாலும் முழுசாகத் தண்ணீரை விட்டு வெளியே வராது. கொட்டலசுச் சிப்பி ஒட்டும், அலுமினியம் அரிக்கும். பெல்லோஸ் ஒரு நாள் கிழிந்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகில் தண்ணீர் ஏறும். படகின் அடிப்பள்ளமான பில்ஜில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடும்வரை மிதக்கும். அந்த பம்ப் பேட்டரியில் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தேங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம், இன்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரை ஓட்டியாக வேண்டும். ஒரு தடவை சோம்பல்பட்டாலும் வெடிக்க வாய்ப்பு உண்டு. செலவும் சின்னதல்ல. இந்த அளவுப் படகு இரண்டு பெட்ரோல் இன்ஜினோடு வேகமாகப் போனால் மணிக்கு 70, 80 லிட்டர் குடிப்பது சகஜம். மும்பையில் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டுதான். ஒன்று, அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே பின்சுவரில் மாட்டும் இன்ஜின். வேலை முடிந்ததும் தண்ணீரை விட்டு மொத்தமாகத் தூக்கிவிடலாம், பாலித்தீன் பை புரொபெல்லரில் சுற்றினாலும் தூக்கி எடுத்துவிடலாம். மும்பைத் துறைமுகத்தில் இது அடிக்கடி நடக்கும். இல்லையென்றால் ஷாஃப்ட் டிரைவ் (தண்டு வழியாகப் புரொபெல்லரைச் சுழற்றுவது) உள்ள ஒற்றை டீசல். மீன்பிடிப் படகுகளில் இருக்கிற அதே ஏற்பாடுதான். மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும் சசூன் டாக்கிலோ பாவ்ச்சா தக்காவிலோ கேட்டால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார். முதல் படகில் இதுதான் முக்கியம்: கெட்டுப்போனால் சரிசெய்ய ஆளும் சாமானும் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) ஒன்றுக்காக மூன்று வாரம் காத்திருந்தால் சீசனே போய்விடும்.

அப்புறம் பரிசோதனை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஓட்டிவைத்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஒரு நண்பருக்காகப் பார்த்த படகில் இன்ஜின் அறை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. புது வெள்ளை பெயின்ட், பில்ஜில் பினாயில் வாசனை. எல்லாம் பளபளப்பு. எக்ஸாஸ்ட் ரைசர் (புகை வெளியேறும் குழாய்) இணைப்புக்குக் கீழே மட்டும் பெயின்டுக்கு அடியில் மெல்லிய மேடாக ஒரு கோடு இறங்கியது. நகத்தால் சுரண்டினேன், பழுப்புத் துரு உதிர்ந்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறம். கடல் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. கடல் தண்ணீரில் நேரடியாகக் குளிரும் இன்ஜின்களில் ரைசரும் மேனிஃபோல்டும் உள்ளே அரித்து ஓட்டை விழும், இன்ஜின் நின்றதும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். விற்க வந்தவர் நல்ல மனிதர்தான், டீ எல்லாம் கொடுத்தார். அவருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். நண்பர் வாங்கவில்லை.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் டோக்கன் தவிர ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்த டோக்கனும் சர்வே (நிபுணர் பரிசோதனை) சரியில்லை என்றால் திரும்பி வரும் என்று எழுதியிருக்க வேண்டும். ஓட்டும்போது முழு வேகத்தில் இன்ஜின் தன் கையேட்டில் சொன்ன ஆர்பிஎம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் அடியில் சிப்பி மண்டியிருக்கலாம், புரொபெல்லர் பொருந்தாமல் இருக்கலாம், இன்ஜினே களைத்திருக்கலாம். எது என்று தெரியும்வரை விலை பேச வேண்டாம். டீசலில் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது.

படகை யார்டில் தூக்கியதும் அங்கேயே நில்லுங்கள். ஃபைபர் உடலில் தண்ணீர் ஊறினால் வரும் கொப்புளம் காயக் காய அமுங்கிவிடும். இரண்டு வாரம் வெயிலில் காய்ந்த படகைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தையும் பின்சுவரையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்று பேசும். உள்ளே மரம் இற்றுப்போன இடம் பொத்தென்று கேட்கும். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கிளீட் பூட்டிய இடங்களைச் சுற்றித்தான் முதலில் இற்றுப்போகும். ஒன்றிரண்டு கொப்புளம் இருந்தால் பயப்பட வேண்டாம். பின்சுவர் ஊறியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் நீங்கள் பார்த்தாலும் தனியாக ஒரு மரைன் சர்வேயரை வையுங்கள். விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் தலைமையகமே பவாயில் இருக்கிற ஊர் இது, சர்வே தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்சூரன்ஸுக்கும் அந்த ரிப்போர்ட் உதவும்.

காகிதத்தில் கறாராக இருங்கள். மகாராஷ்டிரா மாரிடைம் போர்டு பதிவு யார் பெயரில் இருக்கிறது, படகிலும் இன்ஜினிலும் உள்ள எண்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படகு என்றால் சுங்கத் தீர்வை கட்டிய பில் ஆஃப் என்ட்ரி அசலாக இருக்க வேண்டும். 'கிடைச்சதும் தர்றேன்' என்றால் கிடைத்ததும் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் கடல் வழியாக வந்து இறங்கிய நகரம் இது. கடலில் நிறுத்திக் கேட்பார்கள், காட்டக் காகிதம் வேண்டும்.

வருடச் செலவுக்கு, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு என்று படகுக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பழைய படகுக்கு அது ஏமாற்றும். படகு பழசு என்பதற்காக மூரிங் வாடகையோ கிரேன் கூலியோ தாண்டேலின் (படகோட்டியின்) சம்பளமோ குறையாது. தாண்டேல் வேண்டாம், நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று யோசிக்காதீர்கள். முதல் இரண்டு சீசனாவது கோலி மீனவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கடலில் நிலையாகக் கட்டிவைக்கும் டோல் வலை எங்கே கட்டியிருக்கும், எந்த ஓதத்தில் எந்தப் பக்கம் ஆழம் என்பதெல்லாம் ஜிபிஎஸ்ஸை விட அவருக்கு நன்றாகத் தெரியும். மாண்ட்வாவிலிருந்து மாலையில் திரும்பாமல் முற்பகலில் கிளம்பச் சொல்வதும் அவர்தான். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று ஏறினால் குழந்தைகள் வாந்தி எடுத்துவிடுவார்கள். விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆவது சேனலையும், கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கேபின் பற்றி நீங்கள் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். மே மாதம் மூடிய கேபினில் ஏசி இல்லாமல் யாரும் படுக்க மாட்டார்கள். ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் வேண்டும், அந்தக் குழாயின் வாயிலும் பாலித்தீன் பை ஒட்டும். மாண்ட்வா கேட்வேயிலிருந்து பத்துக் கடல் மைலுக்குள்தான், போன இடத்தில் நல்ல ஹோட்டல் இருக்கிறது. 22 முதல் 25 அடிக்குள், அவுட்போர்டு, முன்பக்கம் சின்னக் கேபின், டாய்லெட், நிழலுக்குக் கூரை உள்ள படகாகத் தேடினால் உங்கள் தேவை முழுக்க அடங்கிவிடும். தூக்கிவைக்கிற செலவும் குறையும்.

அடுத்த படகைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் தகடு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர், டிப்ஸ்டிக் மூன்றையும் படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். அந்த மாடலுக்கு இங்கே சாமான் கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.