மினி லேப்டாப்புகளில் நிற்கும் படிமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் 14 பழைய மினி லேப்டாப்புகளை அளித்திருக்கிறார்கள். அவற்றுள் நன்றாக ஓடுகிற ஒன்றில் 64 பிட் லினக்ஸை நிறுவி, அதன் வட்டுப் படிமத்தை (வட்டு முழுவதன் நகலை) குளோன்சில்லா என்னும் நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு எடுத்துவிட்டேன். அதை மற்ற கணினிகளில் வலையமைப்பு வழியாக இறக்க முயலும்போது, சில தடவை மெனு வருகிறது. சில தடவை துவக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்ற பொருளில் பிஎக்ஸ்இ-இ53 என்னும் பிழை வருகிறது. மெனு வந்தாலும் மூன்று கணினிகளில்தான் குளோன்சில்லா திறக்கிறது. மற்ற 11 கணினிகளிலும், எக்ஸ்86-64 (அதாவது 64 பிட்) செயலி வேண்டும் என்று ஒரு வரி தோன்றி நின்றுவிடுகிறது. சர்வரை மீண்டும் முதலிலிருந்து நிறுவட்டுமா?
– கணினி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம். சர்வரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் இதே இரண்டு பிழைகளும் திரும்ப வரும். இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத கோளாறுகள் என்பதால் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

ஒரே கணினியில் ஒருமுறை வந்தும் மறுமுறை வராமலும் போகிற பிழைக்குப் பெரும்பாலும் காரணம் போட்டிதான். பிஎக்ஸ்இ வழியாக, அதாவது தன் வட்டிலிருந்து அல்லாமல் வலையமைப்பிலிருந்து துவங்கும் கணினி, தனக்கு ஐபி முகவரி தருவார் யார் என்று முதலில் வலையமைப்பு முழுவதையும் கேட்கிறது. உங்கள் பிராட்பேண்ட் ரவுட்டரும் சர்வரும் ஒரே ஸ்விட்சில் இருந்தால் இரண்டுமே பதில் சொல்லும். ரவுட்டர் முகவரியைத் தரும், ஆனால் எந்தக் கோப்பிலிருந்து துவங்குவது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, கோப்பின் பெயரோடு வந்ததை ஏற்க வேண்டிய பழைய நெட்புக்கின் (மினி லேப்டாப்பின்) நிரல், சில நேரங்களில் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்கிறது. அப்போது வருவதுதான் இ53.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முகவரியும் துவக்க விவரமும் வழங்கக்கூடிய டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சர்வர் நிரலைப் பிராக்ஸி (துணை) முறையில் அமைத்தால், முகவரி வழங்கும் வேலை ரவுட்டரிடமே இருக்கும், துவக்க விவரத்தை மட்டும் சர்வர் தரும். இந்த முறையில் சர்வரின் ஃபயர்வாலில் யுடிபி 67, 69 ஆகிய வாயில்களோடு (போர்ட்டுகளோடு) 4011-ஐயும் திறக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எளிய வழி, ஒரு சாதாரண ஸ்விட்சில் சர்வரையும் நெட்புக்குகளையும் மட்டும் இணைத்து, ரவுட்டரை அதிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிட்டு, முகவரி வழங்கும் பொறுப்பையும் சர்வரிடமே கொடுப்பது. பள்ளி அலுவலகத்தின் இணையத்துக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது கோளாறு செயலியைச் சார்ந்தது. 2008-இல் வெளிவந்து மினி லேப்டாப்புகளில் பெருவாரியாக இடம்பெற்ற இன்டெல் ஆட்டம் என்270, அதன் பின் வந்த என்280 ஆகிய இரண்டும் 32 பிட் செயலிகள். 2010-இல் வந்த என்450 முதல்தான் நெட்புக்குகளுக்கான ஆட்டத்தில் 64 பிட் வசதி வந்தது. உங்களிடம் திறக்கிற மூன்றும் பிந்தைய வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். சர்வரில் நீங்கள் வைத்திருப்பது குளோன்சில்லாவின் ஏஎம்டி64 (64 பிட்) பதிப்பு என்பதில் ஐயமில்லை. அதை எடுத்துவிட்டு ஐ686 (32 பிட்) பதிப்பை வையுங்கள். 64 பிட் கணினிகளிலும் அது ஓடும் என்பதால் இரண்டு மெனுக்கள் தேவையில்லை.

ஆனால் அத்தோடு வேலை முடியவில்லை. நீங்கள் எடுத்த படிமமே 64 பிட் லினக்ஸின் படிமம். குளோன்சில்லா அதைக் குறை சொல்லாமல் 11 கணினிகளிலும் எழுதிவிடும். அதன் பார்வையில் அவை வெறும் பகிர்வுகளும் பிட்டுகளுமே. எழுதி முடித்து மறுதுவக்கம் செய்தபின் அதே எக்ஸ்86-64 வரி, இம்முறை வன்வட்டிலிருந்து, வந்து நிற்கும். ஆகவே நன்றாக ஓடும் கணினியை விட்டுவிட்டு, இருப்பவற்றுள் பலம் குறைந்த என்270 கணினி ஒன்றில் 32 பிட் லினக்ஸை நிறுவி, அதிலிருந்து புதிதாகப் படிமம் எடுங்கள். டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவி இருக்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13 அதைக் கைவிட்டுவிட்டது. எது எந்த வகை என்று ஐயமிருந்தால், லினக்ஸில் செயலியின் திறன் குறிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எல்எம் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 64 பிட். மேலும், எந்தக் குளோன்சில்லா பதிப்பால் படிமம் எடுக்கிறீர்களோ அதே பதிப்பாலேயே இறக்குங்கள். புதியதில் எடுத்ததைப் பழையது படிக்காமல் போவதுண்டு.

கேள்வி: என்னுடைய நெட்புக்கில் 512 எம்பி நினைவகம் உள்ளது. 32 பிட் குளோன்சில்லாதான் வைத்திருக்கிறேன். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறியதும் பெரிய கோப்பு ஒன்று நெடுநேரம் இறங்குகிறது, பிறகு திரை உறைந்துவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பெரிய கோப்புதான் குளோன்சில்லாவின் முழு இயங்குதளம். வழக்கமான பிஎக்ஸ்இ அமைப்பில் அது முழுவதையும் நெட்புக்கின் நினைவகத்துக்குள் இறக்கிய பிறகே மற்ற வேலை தொடங்குகிறது. சில நூறு எம்பி அளவுள்ள அக்கோப்பு 512 எம்பிக்குள் குடியேறிவிட்டால் மிச்ச வேலைக்கு இடமில்லை. துவக்க அமைப்பை மாற்றி, கோப்பை இறக்காமல் என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு முறை வழியாகச் சர்வரிலிருந்தபடியே படிக்கச் செய்யுங்கள். தேவையான பகுதி மட்டும் வந்துபோகும். 1 ஜிபி உள்ளவர்கள் இறக்கியே பயன்படுத்தலாம், ஆனால் துவக்கக் கோப்பை அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபி வழியாக வேண்டாம், இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி வழியாக இறக்குங்கள். டிஎஃப்டிபி 512 பைட் துண்டை அனுப்பி, அது சேர்ந்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். துண்டு எண்ணுக்கு 16 பிட்டே ஒதுக்கப்பட்டிருப்பதால், எண்ணைச் சுழற்றத் தெரியாத சர்வர் 32 எம்பியை எட்டியதும் நின்றுவிடும். சிறிய துவக்கக் கோப்புக்காக வகுத்த முறையின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி படிமம் பிழையின்றி இறங்கியது. ஒரு மாடலில் ஓடுகிறது. சற்றுப் புதிய மாடலில் நீலத்திரையும் 0எக்ஸ்0000007பி என்ற எண்ணும் வருகின்றன.
– கணினி பழுதுபார்ப்பவர், நாகர்கோவில்

பதில்: துவக்க வட்டை விண்டோஸால் அணுக முடியவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். வட்டோடு கணினி பேசும் முறைகள் இரண்டு: பழைய மாடலில் வட்டு ஐடிஇ முறையிலும், புதியதில் ஏஎச்சிஐ முறையிலும் இயங்குகிறது. எக்ஸ்பிக்கு ஏஎச்சிஐ டிரைவர் தானாக வராது. பயாஸில் (கணினி துவங்கியதும் முதலில் ஓடும் அமைப்பு நிரலில்) சாட்டா என்னும் வட்டு இணைப்பின் முறையை ஐடிஇ என்று மாற்றினால் போதும். அந்தத் தேர்வே இல்லாத பயாஸ் என்றால், படிமம் எடுக்கும் முன்பே மூலக் கணினியில் அந்த டிரைவரைச் சேர்க்க வேண்டும். பயாஸ் மாற்றம் நிலைக்கவில்லை, கடிகாரமும் பழைய ஆண்டுக்கே திரும்புகிறது என்றால், உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும்.

கேள்வி: பத்து நெட்புக்குகளுக்கு ஒரே சமயத்தில் மல்டிகாஸ்ட் முறையில் (சர்வர் ஒருமுறை அனுப்புவதை எல்லாக் கணினிகளும் சேர்ந்து பெறும் முறையில்) இறக்கினேன். மூன்று மணி நேரத்தில் கால் பங்குகூட முடியவில்லை.
– கல்லூரி ஆய்வகப் பணியாளர், மதுரை

பதில்: இந்த வகைக் கணினிகள் பலவற்றில் உள்ள கேபிள் இணைப்பு 100 மெகாபிட் வேகம்தான். கணக்குப்படி நொடிக்கு 12.5 எம்பி, நடைமுறையில் சுமார் 11 எம்பி. சுருக்கிய படிமம் 12 ஜிபி என்றால், வட்டு தாமதிக்காதவரை 20 நிமிடங்களுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மல்டிகாஸ்டில் எல்லாரும் சேர்ந்தே நடக்கிறார்கள். பத்தில் ஒன்றின் வட்டு பழுதாகி ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்ற ஒன்பதும் அதற்காகக் காத்திருக்கும். எனவே முதலில் ஒவ்வொன்றின் வட்டையும் ஸ்மார்ட் சோதனைக்கு (வட்டு தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் வசதி) உட்படுத்தி, பழுதால் இடமாற்றம் செய்யப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் வட்டைக் கூட்டத்திலிருந்து விலக்குங்கள். வட்டுகள் எல்லாம் நலம் என்றால் ஸ்விட்சைப் பாருங்கள். அதில் வேகத்தைக் கையால் 100, முழு டூப்ளெக்ஸ் என்று யாரேனும் பூட்டி வைத்திருந்தால், தானாக ஒத்துப்போக முயலும் நெட்புக், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிற முழு டூப்ளெக்ஸை விட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். இணைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க, வேகம் மட்டும் படுத்துவிடும். இருபுறமும் தானியங்கி நிலையில் விட்டுவிட்டு, ஒரே ஒரு கணினிக்குத் தனியாக இறக்கிப் பாருங்கள். அது 20 நிமிடத்தில் முடிந்தால் இரண்டாவதைச் சேருங்கள், பிறகு மூன்றாவதை. எதைச் சேர்த்ததும் வேகம் விழுகிறதோ, கோளாறு அந்தக் கணினியிலோ அதன் கேபிளிலோதான் இருக்கிறது.