பெரி வாலஸ் தனியாக நடந்த தூரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிய உங்கள் சென்ற வாரக் கட்டுரையில் பெரி வாலஸ் என்ற பெயரை, ‘தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பில் ஆடிய முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் உடற்கல்வி ஆசிரியன். தேடிப் பார்த்ததில், அவர் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, அவருடைய கல்லூரி அணி தேசியப் பட்டம் எதையும் வெல்லவில்லை என்று தெரிந்தது. முதலில் வந்தவர் என்பதைத் தவிர அவரை நினைவில் வைத்திருக்க வேறு காரணம் உண்டா? என் மாணவர்களுக்கு அவரைப் பற்றி எதைச் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவரை ஒரு வரியில் முடித்தது என் தவறு. ‘முதல்’ என்ற சொல்லைப் போட்டதும் ஒரு மனிதரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போன்ற நிறைவு எழுதுகிறவனுக்கு வந்துவிடுகிறது. வாலஸுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் 1948இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார், தந்தை கொத்தனார். நகரின் கறுப்பினப் பள்ளிகளில் ஒன்றான பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் படிப்பிலும் முதல் மாணவர் அவர்தான். மாநிலத்தின் கறுப்பினப் பள்ளிகளும் வெள்ளையர் பள்ளிகளும் முதன்முறையாக ஒரே போட்டியில் மோதியது 1966இல். அந்தப் பருவத்தில் ஆடிய 31 ஆட்டங்களிலும் வென்று, பேர்ல் பள்ளி பட்டத்தைக் கைப்பற்றியது. எம்பிக் குதித்து, வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கூடைக்குள் அறைந்து இறக்கும் ‘டங்க்’ அவருடைய தனி அடையாளம். பல கல்லூரிகள் உதவித்தொகையோடு அவரை அழைத்தன. அவர் தேர்ந்தெடுத்ததோ தம் ஊரிலேயே இருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை. அங்கே பொறியியல் படிக்க முடியும் என்பது ஒரு காரணம். வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் ராய் ஸ்கின்னர் தம் பெற்றோரை ‘திரு வாலஸ்’, ‘திருமதி வாலஸ்’ என்று அழைத்தது அவர் மனத்தில் தங்கிவிட்டது என்பது இன்னொன்று. அந்நாளைய அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினக் கொத்தனாரை வெள்ளையர் ஒருவர் அப்படி விளிப்பது எவ்வளவு அரிது என்பதை, ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் உள்ள தூரத்தை அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் தனி அணியாகத்தான் ஆட வேண்டும். அந்த அணியில் அவருடன் டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த காட்ஃப்ரி டில்லார்ட் என்ற இன்னொரு கறுப்பின மாணவரும் இருந்தார். 1967இல் மிசிசிப்பியின் ஸ்டார்க்வில் நகரில் அவர்கள் ஆடியபோது பார்வையாளர்கள் ஆட்டம் முழுவதும் வசைகளைக் கொட்டினார்கள். இடைவேளையில், உடைமாற்றும் அறையின் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொண்டார்கள்; இருவர் கைகளும் சில்லிட்டிருந்தன. வாலஸ் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். முழங்கால் காயத்தால் டில்லார்ட் விலக நேர்ந்த பிறகு, பற்றிக்கொள்ள அந்தக் கையும் இல்லாமல் போயிற்று.

1967 டிசம்பரில் முதன்மை அணியில் இறங்கிய வாலஸ், இரண்டே மாதங்களில் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குச் சென்றார். முதல் பாதி முடிகிற நேரத்தில் கண்ணருகே பலமாக அடிபட்டது, அரங்கம் ஆரவாரித்தது. இரண்டாம் பாதிக்கு முன் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்து முடிப்பதற்குள் சக ஆட்டக்காரர்கள் களத்துக்குப் போய்விட்டார்கள். அவருக்காக ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. கதவுக்கு அப்பால் கூட்டம் அவருக்காகவே இரைந்துகொண்டிருக்க, 19 வயது இளைஞர் ஒருவர் அந்தக் கதவைத் தாமே திறந்துகொண்டு, தனியாகக் களத்தை நோக்கி நடந்தார். இரண்டாம் பாதியில் சிறப்பாகவே ஆடினார், வாண்டர்பில்ட் வென்றது. எதிரணியின் முழங்கையையும் கூட்டத்தின் வசையையும்விட, தம் அணியின் இந்தச் சிறு மறதிதான் அவரை நெடுநாள் வருத்தியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தம்மை வெறுத்தவர்களிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை அல்லவா?

வெறுப்பு தொலைவூர்களில் மட்டும் இருக்கவில்லை. வளாகத்தை ஒட்டிய ஒரு தேவாலயத்துக்கு அவர் வழிபடச் சென்றபோது, அவர் தொடர்ந்து வந்தால் சபையினர் சிலர் தங்கள் உயில்களிலிருந்து தேவாலயத்தை நீக்கிவிடுவார்கள் என்று மூப்பர்கள் அவரிடம் சொன்னார்கள். அதன் பின் அவர் அங்கே போகவில்லை.

அவருடைய மரபு எது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் 1970 மார்ச்சில் இருக்கிறது. அதற்குள் அவர் அணித்தலைவர். நகரமே அவரைக் கொண்டாடத் தயாராக இருந்தது. நன்றி சொல்லிப் புன்னகைத்துவிட்டுப் போயிருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். அவரோ கடைசி ஆட்டம் முடிந்த கையோடு உள்ளூர் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், அந்த நான்கு ஆண்டுகளும் தமக்கு மிகத் தனிமையானவையாக இருந்தன என்றும், தம் பெயரை அறிந்திருந்தவர்கள் தம்மை ஒரு மனிதராக அறிய அக்கறை காட்டவில்லை என்றும், குரலை உயர்த்தாமல், யாரையும் ஏசாமல் சொன்னார். பலருக்கு அது நன்றிகெட்ட பேச்சாகப் பட்டது. இனித் தமக்கு இந்த ஊர் இல்லை என்பதை அறிந்தே அவர் பேசினார். சொந்த ஊரை விட்டு வெளியேறவும் செய்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தில் வழக்கறிஞராகி, பிறகு வாஷிங்டனில் சட்டப் பேராசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். அவருடைய 25ஆம் எண் சட்டைக்கு, இனி வேறு யாரும் அந்த எண்ணை அணிவதில்லை என்று, வாண்டர்பில்ட் ஓய்வளித்துப் பெருமை செய்தது 2004இல்தான். 2017 டிசம்பரில், முதன்மை அணியில் அவர் இறங்கி 50 ஆண்டுகள் நிறைந்த அதே மாதத்தில், காலமானார்.

முதலில் வருவதற்குத் துணிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாராட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்வதற்கான துணிவை நான் அதற்கும் மேலாக வைக்கிறேன். என்பிஏவில் ஆடவில்லை என்பது இதற்கு எதிரே மிகச் சிறிய குறை.

உங்கள் மாணவர்கள் விளையாடுகிறவர்கள் என்பதால், அவர்களுக்கு அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொல்லுங்கள். வாலஸ் முதன்மை அணிக்கு வந்த பருவத்திலிருந்தே கல்லூரி ஆட்டங்களில் டங்க் செய்வது தடைசெய்யப்பட்டிருந்தது. தம் மிகச் சிறந்த கலையைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று பருவங்கள் அதைப் பயன்படுத்தாமல் ஆடினார். 1970 மார்ச் 7 அன்று நாஷ்வில்லில், மிசிசிப்பி ஸ்டேட் அணிக்கு எதிராக 27 ரீபவுண்டுகளை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளை, எடுத்தார். ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் பந்து கைக்கு வந்தது; எம்பினார், வளையத்துக்குள் அறைந்து இறக்கினார். விதிப்படி அது குற்றம். நடுவர்கள் விசில் ஊதவில்லை. இரண்டு புள்ளிகளும் கணக்கில் ஏறின.