ஒரே கணினியில் இரண்டு எடிட்டர்: சந்தா எடுக்க வேண்டுமா?

கேள்வி: வேலைக்கு விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். சனிக்கிழமைகளில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு அதே மடிக்கணினியில் பைத்தான் சொல்லித் தருகிறேன். அவளுக்காக எழுத்தைப் பெரிதாக்கி, சேமித்ததும் நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் வசதியைப் போட்டுவைத்தேன். திங்கட்கிழமை வேலைக் கோப்பைச் சேமித்தால், நான் தொடாத வரிகளும் மாறியதாக, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' மென்பொருள் காட்டுகிறது. மாதம் 20 அமெரிக்க டாலர் கட்டி, 'கர்சர்' என்ற இன்னொரு எடிட்டரை வாங்கிவிடலாமா?
- வாசகர், யீஷூன்

பதில்: இதற்காக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். கர்சரும் விஎஸ் கோடின் திறந்த மூல நிரலிலிருந்து கிளைத்ததுதான். அந்த 20 டாலர் ஏஐ உதவிக்கான கட்டணம், செட்டிங்கைப் பிரித்து வைப்பதற்கு அல்ல. ஏஐ உதவி தேவை என்றே எடுப்பதாக இருந்தாலும் மாற்று விகிதம், கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் பதிவு செய்துள்ள வெளிநாட்டு மின்னிலக்கச் சேவை நிறுவனங்கள் 2020 முதல் பொருள், சேவை வரியும் வசூலிக்கின்றன. இப்போது அது 9 விழுக்காடு.

உங்களுக்குத் தேவையானது விஎஸ் கோடின் முன்னோட்டப் பதிப்பான விஎஸ் கோட் இன்சைடர்ஸ். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. பழையதை நீக்காமல் பக்கத்திலேயே நிறுவலாம். பழையதன் சின்னம் நீலம், இதன் சின்னம் பச்சை, அதனால் குழப்பம் வராது. செட்டிங், நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்கள்) இரண்டும் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். எழுத்தளவையும் தானியங்கி ஒழுங்கையும் பச்சையில் மட்டும் போடுங்கள், நீலத்தில் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் சிங்க் (செட்டிங்கை இணையம்வழி ஒத்திசைக்கும் வசதி) போடும்போது மட்டும் கவனம்: வழக்கமாக இரண்டுக்கும் தனித்தனிச் சேவைதான், ஆனால் இன்சைடர்ஸில் நீங்களே 'ஸ்டேபிள்' (வழக்கமான பதிப்பின்) சேவையைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி எல்லாம் ஒன்றாகிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. புராஜெக்டுக்குள் புள்ளியில் தொடங்கும் 'விஎஸ்கோட்' கோப்புறை இருந்தால், அதிலுள்ள செட்டிங்கை இரண்டு எடிட்டரும் படிக்கும். உங்கள் சொந்த செட்டிங்கைவிட அதற்கே முன்னுரிமை. சனிக்கிழமை மாற்றங்களை 'யூசர்' (உங்கள் சொந்த செட்டிங்) பகுதியில் போட்டீர்களா, 'வொர்க்ஸ்பேஸ்' (அந்த புராஜெக்டின் செட்டிங்) பகுதியில் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

விஎஸ் கோடின் திறந்த மூல நிரலிலிருந்து உருவாக்கப்படும் இன்னொரு எடிட்டரான விஎஸ்கோடியமும் இலவசம்தான், மைக்ரோசாஃப்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் வசதியை அதில் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் பைத்தானுக்கு உதவும் பைலான்ஸ் நீட்சியை அதில் பயன்படுத்த உரிமம் இடம் தராது. படிக்கும் பிள்ளைக்கு பைலான்ஸ் வேண்டும், அதனால் விஎஸ்கோடியத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்சைடர்ஸ் கிட்டத்தட்ட தினமும் புதுப்பிக்கப்படும், சில நாள் சொதப்பவும் செய்யும். அது தொல்லை என்றால், இருக்கிற விஎஸ் கோடிலேயே இடது கீழ்மூலைப் பற்சக்கரத்தை அழுத்தி, புது 'ப்ரொஃபைல்' (தனி செட்டிங் தொகுப்பு) உருவாக்கி அதைத் தங்கையின் கோப்புறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தக் கோப்புறையைத் திறந்தால் அதே ப்ரொஃபைல்தான் வரும். மடிக்கணினியில் ராம் 8 ஜிபிதான் என்றால் இந்த வழியே மேல்: இரண்டு எடிட்டரும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால் அது திணறும்.